ஒரு நதியின் பெயர், ஒரு கடையின் பெயர்

இணையத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் விற்க ஒருவர் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பெயரையும் அவர் எடுத்துக்கொள்ளலாம், தடுப்பாரில்லை. எதை எடுப்பார்? நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேராவது 'புக்ஸ்.காம்' என்றுதான் சொல்வோம். விற்கும் சரக்கே பெயராக அமைந்துவிடுகிறது. சின்னஞ்சிறு சொல், பிழையாக எழுத இடமில்லை, ஒருமுறை காதில் விழுந்தால் போதும். இதைவிட நல்ல பெயர் இருக்க முடியுமா?

அப்படியொரு கடை இருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரில், சார்லஸ் ஸ்டாக் என்பவர் 1990-களின் தொடக்கத்திலேயே கணினி வழியாகப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். மோடத்தை முடுக்கி, தொலைபேசி வழியே அவருடைய கணினியோடு இணைந்து, பட்டியலைப் பார்த்து வாங்கவேண்டும். கடையின் பெயர் 'புக் ஸ்டாக்ஸ் அன்லிமிடெட்'. நூலகத்தின் புத்தக அடுக்குகளை ஆங்கிலத்தில் 'ஸ்டாக்ஸ்' என்பார்கள். குடும்பப்பெயரே தொழிலுக்கு வாகாய் வந்து வாய்த்த மனிதர் அவர். 1994-இல் அந்தக் கடை இணையத்துக்கு வந்தபோது அதன் முகவரி புக்ஸ்.காம். அமேசான் தன் கதவைத் திறந்தது அதற்குப் பிறகு, 1995 ஜூலையில்.

முந்தி வந்தவர் அவர். பெயரும் அவரிடம் இருந்தது. ஆனால் 1996-இலேயே கடை கைமாறியது. பிறகு அந்தப் பெயர் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்னும் பெரும் புத்தக வணிகரிடம் போய்ச் சேர்ந்தது. புக்ஸ்.காம் என்று தட்டியவர்களை அவர்களுடைய தளத்துக்குக் கொண்டுபோய் விடும் கைகாட்டி மரமாக அது ஆனது. பெயரால் மட்டும் ஒரு கடை தோற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. முதலீடு, கிடங்கு, தள்ளுபடி, நட்டத்தைத் தாங்கும் நெஞ்சுரம் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சரக்கின் பெயரையே சூடிக்கொண்ட கடையை உலகம் மறந்தது. புத்தகத்துக்கும் தனக்கும் ஒட்டும் உறவும் இல்லாத ஒரு நதியின் பெயரைச் சூடிய கடையை மறக்கவில்லை. அப்படியானால் நல்ல பெயர் என்பதுதான் என்ன? அது எங்கிருந்து கிடைக்கிறது? இக்கேள்விக்கு விடை தேட, இணையத்தில் பெயர் சூட்டும் வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கணினிக்குப் பெயர் தேவையில்லை, எண்ணே போதும். பெயர் மனிதருக்காக. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலைப்பின்னலில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பைப் பராமரித்தது கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம். அதற்குத் தலைமை ஏற்றிருந்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி. புதிதாக ஒரு கணினி சேரும்போது அவர்களிடம் சொல்லிப் பெயரை எழுதிக்கொள்ளவேண்டும். கிராம முன்சீபின் பதிவேட்டைப்போல எல்லாம் ஓரிடத்தில். கணினிகள் பெருகியபோது ஒரே பதிவேடு தாங்கவில்லை. 1983-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பால் மொகாபெட்ரிஸ் வேறொரு முறையை வகுத்தார். பெயரைப் புள்ளிகளால் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொருவரைப் பொறுப்பாக்கும் முறை அது. கல்விக்கு, அரசுக்கு, இராணுவத்துக்கு என்று பின்னொட்டுகள் தோன்றின. வணிகத்துக்குக் கிடைத்தது 'காம்'. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் 'காம்' பெயரைப் பதிந்தது. அந்த ஆண்டு முழுவதும் பதிவான காம் பெயர்களை எண்ண இரு கைகளின் விரல்களே மிச்சம்.

இந்த முறையில் பெயர் கொடுப்பதற்கு இருந்த விதி ஒன்றே: முதலில் வந்து கேட்டவருக்கு. பெயருக்கும் கேட்பவருக்கும் என்ன உறவு என்று யாரும் விசாரிப்பதில்லை. இதை அமைத்தவர்கள் கபடமற்றவர்கள் என்றுதான் சொல்லவேண்டும். இவர்களில் முதன்மையானவரான ஜான் போஸ்டல் 1994 மார்ச்சில் எழுதிய ஓர் ஆவணம் இன்றும் வாசிக்கத் தக்கது. மேல்நிலைப் பின்னொட்டுகளை நிர்வகிப்போர் உரிமை, உடைமை என்றெல்லாம் கவலைப்படுவது பொருந்தாது, தமக்குள்ள பொறுப்பையும் சமூகத்துக்குத் தாம் ஆற்றும் சேவையையும் பற்றித்தான் கவலைப்படவேண்டும் என்பது அதன் உட்கருத்து. பெயரைப் பதிந்ததனால் வணிகச் சின்னத்துக்குரிய உரிமை எதுவும் வந்துவிடாது என்றும், பிறர் சின்னத்தைத் தாம் மீறவில்லை என்பதைக் கேட்பவரே பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆண்டைக் கவனிக்கவேண்டும். உடைமை என்ற பேச்சே வேண்டாம் என்று போஸ்டல் எழுதிய அதே 1994-இல்தான் பெயர்களுக்கான வேட்டை தொடங்கியது.

அவ்வாண்டு அக்டோபரில் 'வயர்டு' இதழில் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் ஒரு கட்டுரை எழுதினார். மெக்டொனால்ட்ஸ்.காம் என்ற பெயரை யாரும் பதியாமல் இருப்பதைக் கண்டு, நிறுவனத்துக்கே தொலைபேசி செய்து சொல்லியிருக்கிறார். அங்கே எவருக்கும் விஷயம் விளங்கவில்லை. சரி என்று தாமே பதிந்துகொண்டார். நிறுவனம் விழித்துக்கொண்ட பிறகு அவர் கேட்டது தமக்கல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அரசுப் பள்ளிக்குக் கணினிக் கருவிகள் வாங்கப் பணம். 3,500 டாலர் கொடுத்துப் பெயரை மீட்டுக்கொண்டார்கள். அந்த வேட்டையின் கதைகளில் யாரும் அழாமல் முடிந்தது இது ஒன்றுதான் போலும்.

அதே 1994 ஜூனில் வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் கணினி வணிகம் செய்துவந்த உஜி நிசான் என்பவர் நிசான்.காம் என்ற பெயரைப் பதிந்தார். அது அவருடைய சொந்தக் குடும்பப்பெயர். எருசலேமில் பிறந்தவர், எபிரேய நாள்காட்டியில் நிசான் என்பது ஒரு மாதத்தின் பெயர். 1980 முதலே அப்பெயரில் கடை வைத்திருந்தவர். 1999 டிசம்பரில் ஜப்பானிய மோட்டார் நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு ஏறத்தாழ எட்டாண்டுகள் நடந்தது. பெயர் அவரிடமே நின்றது, கைப்பொருள் நிற்கவில்லை. 2020-இல் கோவிட் நோயால் அவர் இறந்தபோதும் அந்தத் தளம் மோட்டார் நிறுவனத்துடையதாக ஆகியிருக்கவில்லை.

இங்கே நின்று யோசிக்கவேண்டியது ஒன்று உண்டு. நம்மூரில் முருகன் ஸ்டோர்ஸ் என்ற பெயரில் எத்தனை கடைகள் இருக்கும்? தெருவுக்குத் தெரு இருக்கலாம். ஒருவரை ஒருவர் வழக்கு மன்றத்துக்கு இழுப்பதில்லை. ஊர் வேறு, சரக்கு வேறு என்றால் ஒரே பெயர் பலரிடம் இருக்கலாம் என்பதை வணிகச் சின்னச் சட்டமும் வெகுகாலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. இணையத்தில் ஊர் கிடையாது. ஒரு பின்னொட்டின்கீழ் ஒரு பெயர் ஒருவருக்கு மட்டுமே. மண்ணுலகில் பலர் பங்கிட்டுக்கொண்டிருந்த பெயர்கள் அங்கே ஒரே நாற்காலிக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று.

இனி அமேசானுக்கு வருவோம். 1994 ஜூலையில் ஜெஃப் பெசோஸ் தம் நிறுவனத்தைப் பதிந்தபோது அதற்கு வைத்த பெயர் 'கடாப்ரா'. மந்திரவாதிகள் சொல்லும் ஆப்ரகடாப்ராவின் வால். தொலைபேசியில் அதைக் கேட்ட வழக்கறிஞரின் காதில் அது 'கடாவர்' என்று விழுந்ததாம். பிணம் என்று பொருள். பெயரை மாற்ற முடிவாயிற்று. அவேக், பிரவுஸ், புக்மால் என்று பல சொற்கள் பரிசீலனைக்கு வந்தன. கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத என்ற பொருளுடைய 'ரிலென்ட்லெஸ்' என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. சற்றே அச்சுறுத்தும் தொனி என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆயினும் அந்த முகவரியை அவர் பதிந்து வைத்துக்கொண்டார். நெடுங்காலம் அதைத் தட்டியவர்கள் அமேசான் தளத்தில்தான் போய் இறங்கினார்கள். நண்பர்கள் சொன்னதைக் கேட்டுப் பெயரை மாற்றினாரே தவிர குணத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் அகராதியை எடுத்து 'ஏ' எழுத்தில் தொடங்கும் சொற்களைப் புரட்டியிருக்கிறார். ஏன் ஏ? அந்நாள்களில் இணையத்தளங்களை அகரவரிசையில் அடுக்கிக் காட்டும் பட்டியல்கள் வழக்கத்தில் இருந்தன; முதலெழுத்து உடையவர் முதலில் வருவார். தொலைபேசி எண் புத்தகத்தில் முந்துவதற்காக நம் வணிகர்கள் 'ஏ ஒன்' என்று பெயர் வைத்ததில்லையா, அதே உத்திதான். அங்கே கண்ணில் பட்டது அமேசான். உலகிலேயே மிகப் பெரிய நதி. நீரளவில் மற்ற நதிகள் அதன் அருகில் நிற்கவும் முடியாது. உலகிலேயே மிகப் பெரிய புத்தகக் கடை என்று சொல்லிக்கொள்ள விரும்பியவருக்கு வேறென்ன வேண்டும்? 1994 நவம்பர் தொடக்கத்தில் பெயர் பதிவாயிற்று. அன்று அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கியது 1995 செப்டம்பரில்தான். (அன்றும் இன்றும் பெயரை 'வாங்கினோம்' என்பது பேச்சுவழக்கு மட்டுமே. கிடைப்பது குத்தகை. ஒரே நேரத்தில் பத்தாண்டுக்கு மேல் யாருக்கும் கிடைக்காது. தவணை தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.)

புக்ஸ்.காமும் அமேசான்.காமும் ஒன்றையொன்று எதிர்கொண்ட இடம் இதுதான். புத்தகம் என்ற சொல் எல்லோருக்கும் பொது. அதை எந்தக் கடைக்காரரும் 'என்னுடையது' என்று சொல்லிவிட முடியாது, சட்டமும் விடாது. அதையும்விட, நினைவு விடாது. புத்தகம் என்று சொன்னால் நமக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருமே தவிர ஒரு கடை வராது. மாறாக அமேசான் என்ற பெயரில் சரக்கு இல்லை, விளக்கம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு பெரும் உருவம் அதில் இருந்தது. அந்த உருவத்தை வேறு யார் யாரோ உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

யார் அவர்கள்? 1541-இல் கொன்சாலோ பிசாரோ தலைமையில் புறப்பட்ட ஸ்பானியப் படை ஒன்று ஆண்டிஸ் மலையைத் தாண்டிக் காட்டுக்குள் சிக்கிக்கொண்டது. உணவு தேடி ஆற்றோடு போன ஃபிரான்சிஸ்கோ தெ ஒரெயானாவின் குழு திரும்பி வர இயலாமல் ஆற்றின் போக்கிலேயே சென்று 1542-இல் கடலை அடைந்தது. உடன்சென்ற கஸ்பார் தெ கார்வஹால் என்ற பாதிரியார் அப்பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். வழியில் தங்களை எதிர்த்தவர்களுள் முன்னணியில் நின்று போரிட்ட பெண்கள் இருந்தார்கள் என்கிறார் அவர். ஐரோப்பியருக்குப் போரிடும் பெண்கள் என்றவுடன் நினைவுக்கு வந்தது கிரேக்கப் புராணம். ஹோமரிலும் ஹெரோடோட்டஸிலும் வரும் அமேசான் பெண்கள், ஆண்களுக்கு அடங்காத வீராங்கனைகள். ஆக, தென் அமெரிக்க நதியின் பெயர் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததே அன்று. அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் சூட்டியதும் அன்று. முதல் இரவல் அப்போதே நடந்துவிட்டது.

இரண்டாவது இரவல் 1970-இல். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பெண்கள் சிலர் சேர்ந்து பெண்ணிய நூல்களுக்கென்று ஒரு புத்தகக் கடை தொடங்கினார்கள். பெயர், அமேசான் புக்ஸ்டோர். நதியை அல்ல, அந்த வீராங்கனைகளை நினைத்து வைத்த பெயர். கூட்டுறவாக நடந்த சிறு கடை. அந்நாட்டில் நெடுங்காலம் நடந்த பெண்ணியப் புத்தகக் கடைகளுள் மூத்ததென்று பெயர் பெற்றது. கால் நூற்றாண்டு அது தன் ஊரில், தன் வாசகர்களோடு இருந்தது. பிறகு சியாட்டிலில் அதே பெயரில் இன்னொரு புத்தகக் கடை வந்தது.

ஊர் வேறு என்றாலும் சரக்கு வேறல்ல. இரண்டும் புத்தகக் கடைகள். மினியாபொலிஸ் கடைக்குத் தொலைபேசி வரும், மற்ற கடையிடம் கேட்கவேண்டியதைக் கேட்பார்கள். புத்தகங்கள் தயாரித்து அனுப்புவோரும் குழம்பினார்கள். 1999 ஏப்ரலில் கூட்டுறவுக் கடை வழக்குத் தொடுத்தது. வழக்கின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அப்பெண்களிடம் அவர்களுடைய பாலியல் சார்பைப் பற்றிக் கேட்ட கேள்விகள் பத்திரிகைகளில் வந்தன. இரண்டு கடைகளும் ஒரே வகைக் கடைகள் அல்ல என்று காட்டுவதற்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டது என்று வாதித்தார்கள். ஒருவருடைய பெயரை எடுத்துக்கொண்டபின் அவர் யார் என்று விசாரிப்பது விசித்திரமான வரிசை என்றே நமக்குத் தோன்றுகிறது.

நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. பெயரின்மேல் தனக்கிருந்த உரிமையைச் சிறு கடை பெரிய கடைக்கு எழுதிக் கொடுத்தது. பெரிய கடை அதே பெயரைப் பயன்படுத்திக்கொள்ளச் சிறு கடைக்கு அனுமதி வழங்கியது. இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தன் வாசலில் இருந்த பெயர்ப்பலகைக்கு அந்தக் கடை உரிமம் பெற்ற வாடகையாளராயிற்று. அடுத்த மாதம், 1999 டிசம்பரில், 'டைம்' இதழ் பெசோஸை அவ்வாண்டின் மனிதராக அறிவித்தது.

அந்த 1999 பெயர்ச் சந்தையின் உச்சமும் ஆகும். பிசினஸ்.காம் என்ற முகவரி 75 இலட்சம் டாலருக்கு விலைபோனது அவ்வாண்டில்தான். சரக்கின் பெயரே சிறந்த பெயர் என்ற நம்பிக்கை அப்போது மதம்போல் பரவியிருந்தது. செல்லப் பிராணிகளின் தீனி விற்ற பெட்ஸ்.காம் 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. நவம்பரில் கடையைக் கட்டியது. ஒன்பதே மாதம். பொதுச் சொல்லைப் பெயராகக் கொண்டு வென்றவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விடுதி முன்பதிவு செய்யும் புக்கிங்.காம் தன் பெயரை வணிகச் சின்னமாகப் பதியக் கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 2020-இல் வென்றது. ஆனால் பல ஆண்டுகள் விளம்பரம் செய்து, மக்கள் அந்தச் சொல்லை ஒரு கடையின் பெயராகவே கேட்கப் பழகிவிட்டார்கள் என்று காட்டிய பிறகுதான் அந்த வெற்றி. பெயர் கடையைத் தூக்கவில்லை. கடைதான் பெயரைத் தூக்கியது.

சரி, பிறர் பெயரும் வேண்டாம், பொதுச் சொல்லும் வேண்டாம் என்றால்? புதிதாக ஒன்றை உண்டாக்கவேண்டும். ஒன்றின்பின் நூறு சுழியங்கள் இட்ட எண்ணைக் குறிக்கும் 'கூகொல்' என்ற கணிதச் சொல் திரிந்து 1997 செப்டம்பரில் கூகுள்.காம் பதிவானது. யாஹூ இதிலே இடைப்பட்ட பிராணி. ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்கள் பட்டியலுக்குச் சூட்டிய அந்தப் பெயர், ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணங்களில் வரும் அருவருப்பான மனித விலங்குகளின் பெயர். ஸ்விஃப்ட் மனித இனத்தை வைத வசவு, இரு இளைஞர்களின் தன்னிகழ்ச்சியாகிப் பிறகு பல்லாயிரம் கோடி மதிப்புள்ள சொத்தாயிற்று.

இந்த யாஹூ இந்திய நீதிமன்றத்துக்கும் வந்தது. யாஹூஇந்தியா.காம் என்ற பெயரை வேறொருவர் பதிந்து நடத்த, 1999-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு. யாஹூ என்பது அகராதியில் உள்ள சொல், அதற்கு ஒருவர் தனியுரிமை கோர முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்று. ஸ்விஃப்டே நேரில் வந்து சாட்சி சொன்னதுபோல! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சொல் இப்போது இவர்களுடைய பெயராகவே அறியப்படுகிறது என்று சொல்லித் தடை விதித்தது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது சைஃபி வழக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகள் சிலவற்றைக் கோத்துச் 'சைஃபி' என்ற சொல்லை உண்டாக்கி, 1999-இல் அதைக் கொண்டு பல முகவரிகளைப் பதிந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் அதே பெயரில் ஆங்கில 'எஃப்' எழுத்தை இரட்டித்துச் சிஃபிநெட் என்று பதிந்தது. கீழ் நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2004 மே 6 அன்று நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு இந்தியாவில் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது. டொமைன் பெயர் வெறும் கதவெண் அன்று, வணிகரையும் அவருடைய பண்டத்தையும் அடையாளம் காட்டும் பெயரே. ஆகவே வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது முடிவு. சைஃபி என்பது உண்டாக்கப்பட்ட சொல் என்பது வாதத்துக்கு வலுவூட்டியது. அகராதியில் இல்லாத ஒரு சொல்லை இன்னொருவர் தற்செயலாகக் கண்டெடுத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்?

ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு இத்தனை வழக்கு என்றால் தமிழ்ப் பெயர்களின் கதி என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். டொமைன் பெயர் முறை பிறந்தபோது அதில் ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகள், பத்து எண்கள், ஒரு சிறுகோடு ஆகியவற்றுக்கே இடம். தமிழ் என்ற பெயரையே அதில் இரண்டு மூன்று விதமாக எழுதலாம். ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், ஒருவர் 'எல்' போடுவார். மொழி, எழில், யாழ் என்று அழகான பெயராகத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் நான்கு வாசல் உண்டாகிவிடுகிறது. ஒன்றில் மட்டும்தான் ஆள் நிற்கும். 2010-11 ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்ற பின்னொட்டுகள் தமிழ் எழுத்திலேயே வந்துவிட்டன. உள்ளே அவை ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன என்றாலும் கண்ணுக்குத் தெரிவது தமிழ். ஆனால் கடைக்காரர்கள் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. பழகிய விரல்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே தட்டுகின்றன.

பெயர் புள்ளிக்கு இடப்புறம் இருக்கும்வரை நடந்த கதை இது. 2012-இல் புள்ளிக்கு வலப்புறமும் சந்தைக்கு வந்தது. 1998-இல் போஸ்டல் மறைவதற்குச் சற்றுமுன் அமைக்கப்பட்டு, இப்பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஐகான் என்ற அமைப்பு, யார் வேண்டுமானாலும் புதிய பின்னொட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். அமேசான் நிறுவனம் தன் பெயரையே பின்னொட்டாகக் கேட்டது. பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. எட்டு நாடுகள் அடங்கிய அமேசான் ஒத்துழைப்பு ஒப்பந்த அமைப்பு அந்த எதிர்ப்பை முன்னெடுத்தது. எங்கள் காட்டின், எங்கள் நதியின், அங்கே வாழும் மக்களின் பெயர் அது. ஒரு கடைக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அதே காலத்தில் பட்டகோனியா என்ற ஆடை நிறுவனம் தன் பெயரைக் கேட்டு, அர்ஜென்டினாவும் சிலியும் மறுப்புத் தெரிவித்ததும் 2013-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமேசான் திரும்பப் பெறவில்லை.

அரசுகளின் ஆலோசனையை ஏற்று 2014-இல் ஐகான் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக் குழுவிடம் சென்று 2017-இல் சாதகமான முடிவு பெற்றது. இடையில் பேச்சுவார்த்தை நடந்தது. ஐம்பது இலட்சம் டாலர் மதிப்புள்ள கிண்டில் கருவிகளையும் சேவைகளையும் தருவதாக நிறுவனம் முன்வந்தது என்று செய்திகள் வந்தன. மணிகளும் கண்ணாடிகளும் கொடுத்துக் கரை இறங்கிய பழைய கப்பல்கள் அப்போது நம் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க இயலவில்லை. ஆயினும் நிறுவனம் சொன்ன வாதத்தில் ஒரு கூர்மை இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்பானிய மொழியிலும் போர்ச்சுகீசிய மொழியிலும் நதியின் பெயர் அமஸோனாஸ், நிலத்தின் பெயர் அமஸோனியா. 'அமேசான்' என்ற ஆங்கில வடிவம் அந்நாடுகளின் சொல்லே அன்று என்பது அவ்வாதம். அதற்கு மறுமொழியாக ஒன்று சொல்லலாம்: ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தவர் எதற்காகப் பிடித்தார்? அந்த நதிக்காகத்தானே? 2019-இல் ஐகான் நிறுவனத்தின் திட்டத்தை ஏற்றது, 2020-இல்.அமேசான் நடைமுறைக்கு வந்தது. அந்த நாடுகளுக்கென்று சில பெயர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன.

மினியாபொலிஸ் கடை 2008-இல் கைமாறியபோது பெயரும் மாறியது. ட்ரூ கலர்ஸ் என்று ஆனது. விண்ணப்பம் போடப்பட்ட அதே 2012-இல் அது மூடப்பட்டது.

நதிக்கு வருவோம். பெருவிலிருந்து பிரேசிலுக்குள் நுழையும் இடத்திலிருந்து அங்குள்ளவர்கள் அதை அமஸோனாஸ் என்று அழைப்பதில்லை; சொலிமோயிஸ் என்கிறார்கள். மனாவுஸ் நகரத்தருகே ரியோ நெக்ரோ என்னும் கருநிற ஆறு வந்து சேர்கிறது. கருப்பு நீரும் பழுப்பு நீரும் ஒன்றோடொன்று கலவாமல் சில கிலோமீட்டர் தூரம் அருகருகே ஓடுகின்றன. கலந்த பிறகுதான் பிரேசிலியருக்கு அது அமஸோனாஸ்.